கலியாணத்தில் நான் கை தூக்கியது

என் கணவரின் தங்கைக்குக் கலியாணம் சரிவந்தபோது என் மகளுக்கு நாலு வயது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போன இடங்கள் என்றால் ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்துக்கடை, திரும்பவும் ஆஸ்பத்திரி. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் இவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு எனக்கொரு சாப்பாட்டுப் பார்சலோடு வருவார்.

மகள் பிறந்தபோது மூளைக்குப் போதுமான பிராணவாயு போகவில்லை. கழுத்து இன்னும் நிற்கவில்லை. பேச்சும் இல்லை. விழுங்க ஏலாததால் வயிற்றில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள்; பாலும் மருந்தும் அதற்குள்ளால்தான் போகும். வாயில் சேருகிற எச்சிலையும் சளியையும் அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. பருமனில் ஒரு பெரிய ரேடியோ அளவு. சத்தத்தில் நெல்லுக் குற்றுகிற மில். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்க்கிற என் கணவர் அந்த மெஷினுக்கு ‘மூத்தவர்’ என்று பெயர் வைத்திருந்தார். எங்கே புறப்பட்டாலும் முதலில் மூத்தவரை ஏற்றிவிட்டுத்தான் இளையவளை ஏற்றுவோம்.

டொக்டர்மார் பிள்ளையைப் பங்கு பிரித்து எடுத்திருந்தார்கள். மூளை ஒருவருக்கு, வயிறு ஒருவருக்கு, நெஞ்சு இன்னொருவருக்கு. ஒருவருடைய பங்கைப் பற்றி மற்றவர் வாய் திறக்க மாட்டார். எல்லாருடைய எழுத்தும் ஒரே கிளினிக் கொப்பியில்தான் இருந்தது. எங்கள் பட்டணத்தில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். அந்தக் கொப்பியிலும் வலிப்பு மருந்து எழுதின பக்கங்களை ஒரு நாள் பஸ் நிலையத்தடியில் மான் தின்றுவிட்டது. நான் மகளுக்குச் சளி எடுத்துக்கொண்டிருந்தேன். மான் பைக்குள் தலையை விட்டு, அவசரமில்லாமல் தின்றது. நேர்ஸ் நம்பவில்லை. “போன கிழமை ஒராள் மழை எண்டவர், இப்ப நீங்கள் மான் எண்டுறீங்கள்” என்றா.

இதைவிட என்னைச் சினப்படுத்தியது ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான். “கடவுள் உங்களைத் தெரிஞ்செடுத்திருக்கிறார்” என்று எங்கள் தேவாலயச் சபையில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தெரிவுக் குழுவில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் உன்னும். கேட்டதில்லை.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கணவரின் அக்கா இலங்கைத்துறையிலிருந்து போன் எடுத்தா. மாமா மாமி இரண்டு பேரும் இல்லாத வீட்டில் அந்த மச்சாள்தான் எல்லாவற்றையும் நடத்துகிறவ.

“தங்கச்சி, சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ. அண்டைக்கு மட்டும் பிள்ளையை ஆரிட்டையாவது விட்டிட்டு வாங்கோவன். மாப்பிள்ளை பகுதி புதுச் சனம். கண்டால் ஆயிரம் கதை கதைப்பினம்.”

“ஆரிட்ட மச்சாள் விடுறது?”

“பக்கத்து வீட்டிலை ஒரு நல்ல மனிசி இருக்கிறாவெல்லே.”

பக்கத்து வீட்டு மனிசி நல்லவதான். ஆனால் மெஷின் சத்தம் கேட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு அல்லாவிடம் துஆ கேட்கத் தொடங்கிவிடுவா. கண்ணை மூடிக்கொண்டு சளி எடுக்க ஏலாது.

இவர் என் கையிலிருந்த போனை வாங்கினார். “அக்கா, பிள்ளை வராட்டி நானும் இல்லை. பொம்பிளையை ஆர் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறதெண்டு நீங்களே யோசிச்சு வையுங்கோ.”

தகப்பன் இல்லாத கலியாணப் பொம்பிளைக்கு ஒரே அண்ணன் இவர்.  மச்சாள், “அப்ப தேவாலயத்திலை கடைசி வாங்கிலை இருக்கட்டும். கதவுக்குக் கிட்ட” என்றா.

பொம்பிளைக்கு இந்தச் சண்டை ஒன்றும் தெரியாது. அவள் அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தன் கலியாணச் சேலை நிறத்திலேயே தைப்பித்த ஒரு சட்டையை மகளின் மேல் வைத்து அளந்து பார்த்தாள். வயிற்றுப் பக்கம் சின்னதாக ஒரு மூடி வைத்து, பொத்தான் போட்டிருந்தது.

“மருமகளின்ரை குழாய்க்குக் கேற் வைச்சிருக்கு” என்றாள். “ரெயிலர் மனிசி மூண்டு தரம் கேட்டவ, இது எதுக்கெண்டு. பொக்கற் எண்டு சொன்னனான்.”

கலியாணத்தன்று விடியவே வாடகைக்கு ஒரு வான் பிடித்து இலங்கைத்துறைக்குப் புறப்பட்டோம். குடும்பம் மூன்று பேர். சாமான் பத்துப் பேருக்குரியது. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சுகள், உறிஞ்சுகிற மெல்லிய குழாய்கள், ஐந்து விதமான மருந்து, கொதித்தாறின தண்ணீர், துவாய்கள், மாற்றுச் சட்டைகள். கிண்ணியாப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது மகள் கண்ணை அகலத் திறந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. மூதூர் தாண்டியதும் புழுதி தொடங்கியது, அது பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷினைப் போட வேண்டியிருந்தது. தேவாலய வாசலில் வான் நின்றபோது மூத்தவரின் பற்றரி முழுவதும் செத்துப்போயிருந்தது.

உள்ளே போய் இவர் சுவர் சுவராகத் தேடினார். கரண்ட் எடுக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது, பிரசங்க மேடைக்குப் பக்கத்தில். அதிலே இரண்டு ஓட்டையுள்ள ஒரு வயர் மாட்டியிருந்தது. ஒன்றில் மைக், மற்றதில் கீபோர்ட். மெஷின் வயரோ ஒரு முழம்தான். ஆகவே கடைசி வாங்கில் இருக்க வேண்டிய நாங்கள் முதல் வாங்குக்கும் முன்னால், மாப்பிள்ளையின் முழங்கைக்குக் கிட்ட, ஒரு கதிரை போட்டு இருந்தோம். மச்சாள் வாசலில் நின்று பார்த்தா. அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

கீபோர்ட் வாசிக்க வந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதிருக்கும். நிலைமையைச் சொன்னேன். “பிரச்சினை இல்லை அக்கா. பிள்ளைக்கு ஏலாமல் வந்தால் கையைத் தூக்கிக் காட்டுங்கோ. நான் என்ரை பிளக்கைக் கழட்டிப்போட்டு உங்கடையைக் குத்திறன்” என்றாள். நல்ல ஏற்பாடு என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டு மனிசி ஒருவ குனிந்து, மகளின் சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்த குழாயைக் காட்டினா. “இதென்ன தம்பி?”

“பெற்றோல் அடிக்கிற இடம்” என்றார் என் கணவர். அந்த மனிசி தலையை ஆட்டிவிட்டு இருந்துகொண்டா. இவர் பொம்பிளையைக் கூட்டிவர வெளியே போனார்.

ஆராதனை தொடங்கியது. பாட்டு நன்றாகப் போனது. ஜெபமும் போனது. மகள் மேலே ஃபானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே முடிந்துவிடும் என்று நான் நம்பத் தொடங்கிய நேரத்தில் அவள் தொண்டையில் கொரகொரப்புக் கேட்டது. துவாயால் வாயைத் துடைத்துப் பக்கவாட்டில் சரித்தேன். சரிவரவில்லை. உதடு கொஞ்சம் நீலம் பாய்ந்தது.

நான் கையைத் தூக்கினேன். கீபோர்ட் பிள்ளை பொம்பிளையின் நகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் உயரத் தூக்கினேன். எழுந்து நின்றும் தூக்கினேன்.

போதகர் என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்பது என் காதில் விழவில்லை. பிறகுதான் சொன்னார்கள். இவர்கள் இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்பொழுதே சொல்ல வேண்டும் என்று வாசித்து, வழக்கப்படி நிறுத்தி, சபையை நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்த இடத்தில் பொம்பிளையின் அண்ணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

 மாப்பிள்ளையின் தாய் நெஞ்சில் கையை வைத்தா. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த விதத்தில், தன் வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை வேகமாக நினைத்துப் பார்த்தார் என்று தெரிந்தது.

“சொல்லுங்கோ அம்மா” என்றார் போதகர்.

“பிளக்” என்றேன். “பிளக்கைக் கழட்டச் சொல்லுங்கோ ஐயா. பிள்ளைக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு.”

கீபோர்ட் பிள்ளை அப்போதுதான் துள்ளி எழும்பினாள். மெஷின் உயிர் பெற்றது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே போய்க் கடற்கரை வரைக்கும் கேட்டதாம். நான் குழாயை மகளின் வாய்க்குள் விட்டுச் சளியை எடுக்க எடுக்க, அவள் உறுமி, தலையை ஆட்டி, காலால் உதைத்து எதிர்ப்புத் தெரிவித்தாள். நிறம் திரும்பியது. 

பின் வாங்கிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. “எஞ்சின் எத்தினை குதிரை?”

பொம்பிளைக்குப் பக்கத்தில் நின்ற என் கணவர் திரும்பிப் பார்த்து, “எட்டு” என்றார்.

முதலில் சிரித்தது பொம்பிளை. அதற்குப் பிறகு ஒருவரையும் அடக்க ஏலாது போனது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். புத்தகத்தை இறக்கியபோது கண் கலங்கியிருந்தது. “அவசரப்படாமல் ஆறுதலாய் எடுங்கோ அம்மா. நாங்கள் நிக்கிறம்” என்றார். பிறகு சபையைப் பார்த்து, “வேற தடை இல்லைத்தானே?” என்றார்.

பந்தலில் சாப்பாடு தொடங்கும்வரை மச்சாள் எங்கள் பக்கம் வரவில்லை. நான் ஒரு மூலையில் கதிரை போட்டு மகளுக்குப் பால் கொடுக்க ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். அவ வந்து முன்னால் நின்றா. ஏச்சு வாங்க நான் தயாராக இருந்தேன்.

“நீங்கள் கையைத் தூக்கேக்கை எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது” என்றா. “மாப்பிள்ளைக்கு வேற எங்கையோ குடும்பம் இருக்கு, அது உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சன்.”

“இல்லை மச்சாள்.”

“வடிவாத் தெரியுமோ?”

“எனக்குத் தெரிஞ்ச அளவிலை இல்லை.”

“தெரிஞ்சால் என்னட்டை முதல் சொல்லுங்கோ.” பிறகு பால் சிரிஞ்சுக்குக் கையை நீட்டினா. “எங்கை, இதைப் பிடிக்கட்டோ?”

சிரிஞ்சை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கையில் சிரிஞ்சு, மற்றக் கை சேலைத் தலைப்பில். பால் மெல்ல இறங்கியது. பாதி போனபோது மகள் இருமினாள். இருமினால் வயிறு இறுகும். இறங்கின பால் அதே வழியால் மேலே வரும். நான் குழாயை நெரிக்க முதல் அது சிரிஞ்சு விளிம்பால் பாய்ந்து மச்சாளின் பட்டுச் சேலையில் நெஞ்சிலிருந்து இடுப்புவரை ஊற்றியது.

அவ கையை இறக்கவில்லை. சேலையைக் குனிந்து பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா. “என்ரை நாலு பிள்ளையளும் என்ரை கூறைச் சேலையிலை மூத்திரம் பெய்ததுகள்” என்றா. “மிச்சத்தை ஊத்துங்கோ. பிள்ளை பசியிலை இருக்கு.”

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு நாள் பிராணவாயு வைத்துக் கிடந்தாள். புழுதியோ, கூட்டமோ, அல்லது எப்படியும் வரவிருந்ததோ, டொக்டராலும் சொல்ல ஏலவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் இவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பிழை விட்டிட்டமோ?” என்று கேட்டார்.  மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஆறு நாளும் நாங்கள் ஒரு பகிடியும் விடவில்லை.

வாட் நேர்ஸ் ஒருவ முதலில் ஏசினா. “இப்பிடியான பிள்ளையை ஏன் கலியாணத்துக்குக் கொண்டு போனனீங்கள்?” மருந்து ஏற்றி முடித்துவிட்டு, குரலை இறக்கி, “பொம்பிளை என்ன நிறச் சேலை?” என்றா.

“வெந்தய நிறம். பிள்ளைக்கும் அதே நிறம்.”

“வடிவாய் இருந்திருக்கும்” என்றா.

வாட்டுக்குப் போன ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மகள் பழையபடி ஃபானைப் பார்க்கத் தொடங்கினாள். மச்சாள் கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து, சளி என்ன நிறம் என்று கேட்டா. அதிலே அவவுக்கு ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது வேறு கதை. “வாற ஞாயிறு என்ரை மனிசனின்ரை தமையன் ஆக்கள் புதுவீட்டுக்குப் போகினம். மூண்டு பேரும் வரவேணும். பிள்ளை வராட்டிச் சரிவராது எண்டு அவையே சொன்னவை.”

அந்தத் தமையனை எனக்குக் கண்ணில் காட்ட ஏலாது. ஜெபம் என்று தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு பின்னேரமாகும். அவருடைய மனிசி என் நிறத்தைப் பற்றிக் கதைக்காமல் என்னை ஒரு நாளும் விட்டதில்லை.

“ஐயோ மச்சாள்” என்றேன், “பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லை.”

அந்த நேரம் அவள் பாயில் கிடந்து, வயிறு நிறைந்த சந்தோஷத்தில் கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்தபோது இவர் வாசலில் நின்றார்.

“வெக்கமில்லையோ, பிள்ளையைச் சாட்டிப் பொய் சொல்ல?”

“எல்லாத் தாய்மாரும் சொல்லுறவைதானே” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “எனக்கும் அந்த மனுசனைப் பிடிக்காது” என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.