முதலையின் வயிற்றில் ஒரு முகம்

கொக்குவிலில் ரீசேட் சட்டைகளில் படம் அச்சடிக்கிற கடையில், சூட்டு மெசினைத் திறந்ததும் எழும்பிய மை மணம் என்னை எங்கடை பழைய வீட்டு மேசைக்கே கொண்டுபோனது.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்காக அக்கா தன்ரை இல்ல அணியின் கொடியில் மஞ்சள் முதலை அச்சடித்திருந்தா. துணியில் மை சொரசொரவென்று நின்றது. பழைய பேப்பரை மேலே விரித்து, சூடான அயன்பெட்டியால் அழுத்தித் தேய்த்தா. பேப்பரை உரித்தால் முதலை வழவழவென்றுதான் இருந்தது. ஆனால் அதன் வயிற்றில், மரண அறிவித்தலில் இருந்த ஐயா ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சால் போட்டி! இதை எப்பிடிக் கொண்டுபோறது?" அக்கா அழுதா.

"முதலை எண்டால் ஆளை விழுங்கும்தானே, பிள்ளை," என்றா அம்மா.

அடுத்த நாள் பச்சை இல்லத்துப் பெடியன் ஒருத்தன் கொடியைப் பார்த்து, "உவர் ஆர்?" என்று நக்கலாய்க் கேட்டான்.

"போன முறை எங்களை முந்தப் பாத்தவர்," என்றா அக்கா.