நின்றுபோன பிறகு

எனக்கு மாதவிலக்கு நின்றுபோனதை எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்துக் கொண்டாடினார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்.

பசியாவரத்தில் பழவேற்காடு ஏரிக்குள் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். பாடு வருகிற அன்று வீட்டுப் பெண் விலக்காக இருந்தால் எங்கள் ஊர் வீடுகளில் வலையைத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். இள வயதில் அது பெரிய தொல்லையாக இல்லை, சொல்லிவைத்தாற்போல் வந்து போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ஆரம்பித்தது கூத்து. இரண்டு மாதம் வராது, வந்தால் போகாது. அதுவும் சரியாக எங்கள் பாடு பார்த்து வந்து தொலைக்கும்! என் வீட்டுக்காரர் தோளிலிருந்த வலையை இறக்கிப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால் அது ஒரேயடியாக நின்றபோது பெரிய நண்டாகப் பொறுக்கி எடுத்துவந்தார். "இனிமே பாடு தப்பாது, மே" என்றார். நாத்தனார் வந்து, "உனுக்கின்னா, இனிமே நீ ராணி" என்றாள். எல்லோரும் ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருக்க, நான் எழுந்துவிட்டேன். அடுப்படியில் போய் அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

தூக்கம் போயிற்று. உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்த்து ஊற்றும். மீன் விற்கப் போவதை விட்டேன், தலை சீவுவதையும் விட்டேன். மகள் காட்டூரிலிருந்து பிள்ளையோடு வந்தால், அந்தப் பிஞ்சு என்னைப் பார்த்துக் கை நீட்டும். வாங்கி மடியில் வைத்துக்கொள்ள மனசே வராது. பாவி, இப்படிக் கல்லாகிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஒருநாள் அவரிடமே சொல்லிவிட்டேன்: "யோவ், எனக்கு வாழப் புடிக்கலய்யா."

நாத்தனார் மந்திரிக்கலாம் என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே படகேற்றி, பஸ் பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஒரு அம்மா டாக்டர். பொறுமையாகக் கேட்டார். "விலக்கு நிக்கிற வயசுல ஹார்மோன் ஏறி இறங்கும். சிலருக்கு அது மனசையும் சேர்த்துக் கீழே தள்ளிடும். இது வியாதிதாம்மா, மருந்து இருக்கு. கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடுவீங்க. சாகணும்னு தோணினா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம இங்க வந்துடணும்."

என் வீட்டுக்காரர் கேட்டார்: "அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கும் இது வந்திருக்குமா டாக்டர்?"

"ஏன் வராது? உடம்பு எப்பவும் உடம்புதானே."

மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். பழவேற்காட்டில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தவர், ஒல்லாந்தர் கல்லறைச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலியோ என்று பதறிப்போனேன்.

"எங்கம்மாவும் இந்த வயசுல இப்படித்தாம்மே" என்றார். மாமியாரை நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். "சோறு துன்னாது, தூங்காது, செவுத்தையே பாத்துகினு இருக்கும். பேய் புடிச்சிருக்குனு சொல்லி அடிச்சாங்க. நைனா, நைனானு என்னத்தான் கூப்டுச்சி. அடிக்கறப்ப அது ஒதறாம இருக்க, நாந்தான் அது காலை அழுத்திப் புடிச்சிகினு இருந்தேன். அந்த மாசமே ஏரியில வுழுந்து செத்துப்போச்சி."

என் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இத்தக் குடுத்திருந்தா எங்கம்மா பொழைச்சிருக்குமா, மே?"

ஆமாம் என்றால் மனுஷன் உடைந்துபோவார். இல்லை என்றால் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் போய்விடும். நான் பிழைக்க வேண்டியிருந்தது.

"பொழைச்சிருப்பாங்க" என்றேன்.

நடுத்தெருவென்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.