நான்கு மூலையிலும் மஞ்சள்

சிவகாமி அக்கா இறந்த செய்தி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். அவர் மகள் மாலதி அன்று காலையிலேயே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். அது என் குப்பைப் பெட்டிக்குள், செருப்புத் தள்ளுபடிக்கும் தீவுச் சுற்றுலாவுக்கும் நடுவே கிடந்தது. நான் பார்த்தபோது இறுதிச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது.

அது ஏன் அங்கே போய் விழுந்தது என்று ஒரே பார்வையில் எனக்குப் புரிந்தது. அனுப்பியது அன்றுதான் புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு. தலைப்பில் ‘மிக அவசரம்’. இப்படி வருவதையெல்லாம் கடை விளம்பரம் என்று ஒதுக்கும்படிதான் மின்னஞ்சல் நிறுவனங்கள் பழகியிருக்கின்றன. பழக்கிவிட்டவர்கள் என்னைப் போன்றவர்கள். விளம்பர மின்னஞ்சலை அந்தப் பெட்டியில் விழாமல் தப்பவைத்து, வாடிக்கையாளர் கண்ணில் படவைப்பதுதான் இருபது வருடங்களுக்கும் மேலாக என் பிழைப்பு.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, கணக்கெழுதுபவராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில், தோட்டத்துக்கு வரும் தபாலைப் பிரிப்பதும் அவர் வேலை. மேசையில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருக்கும். ஒன்று வீட்டுக் கடிதம், மற்றது நோட்டீஸ். வீட்டுக் கடிதத்தை ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பெயர் சொல்லிக் கொடுப்பார். நோட்டீஸ் பெட்டியை வேண்டியவர்கள் வந்து கிளறிக்கொள்ளலாம். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் மட்டும் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே நடந்து போவார். நல்ல செய்தியைக் காக்கவைக்கக் கூடாது என்பார்.

நான் அப்போது சிரம்பானில் தையல் மிஷின் கடையில் விற்பனையாளன். தோட்டங்களுக்குத் தபாலில் விளம்பரம் அனுப்புவது என் யோசனை. ஒரு நாள் லிங்கிக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் கச்சான் கடலை விற்றவர் நான் எழுதிய விளம்பரத்தைத்தான் கூம்பாகச் சுருட்டிக் கச்சான் போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். பிறகு உள்ளே போய் அக்காவிடம் சண்டை போட்டேன்.

“ஒரே மூஞ்சியா இருபது உறை வந்தா அது கடுதாசி இல்ல தம்பி, நோட்டீஸ்லா” என்றார். “யாரு கேட்டா உங்ககிட்ட?”

கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அவரே வீடு வீடாக விசாரித்து, பதினொரு பேர் பெயரை எழுதி அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: ‘இவங்களுக்குத்தான் மிஷின் வேணுமாம். இவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. நானே கையில குடுக்கிறேன்.’ இருநூறு வீடு இருக்கும் தோட்டத்தில் பதினொன்றா என்று எனக்குக் கோபம். அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்தது. விலாசத்தைக் கையால் எழுதினேன். மொத்தமாக இயந்திரத்தில் தபால் முத்திரை குத்துவதை விட்டுவிட்டு ஸ்டாம்பு ஒட்டினேன். ஒரே நாளில் போடாமல் பிரித்துப் பிரித்துப் போட்டேன். நாலைந்து தப்பின, மீதியை அக்கா பிடித்துவிட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல்கட்டில் உட்கார்ந்து உறைகளின் மூலைகளில் மஞ்சள் தடவினேன்.

“யாருக்குங்க கல்யாணம்?” என்று கேட்டாள் என் மனைவி.

“தையல் மிஷினுக்கு” என்றேன். அன்று அது எனக்கு நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

அந்த உறைகளில் ஒன்று பால்மரம் வெட்டும் பாப்பாத்தியம்மாள் வீட்டுக்குப் போனது. அவர் மகள் செல்வியை ரெம்பாவிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிலுக்காக வீடே காத்திருந்தது. அக்கா வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போய், தூரத்திலிருந்தே “செல்வி, நல்ல சேதி!” என்று கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். பாப்பாத்தியம்மாள் உறையைச் சாமி படத்தின் முன் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, அக்காவிடமே படிக்கக் கொடுத்தார். அக்கா பிரித்துப் படித்தார். மிஷின் வாங்கினால் கத்தரிக்கோல் இலவசம்.

இது நடந்தது அப்போது எனக்குத் தெரியாது. நான் முதலாளியிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மஞ்சள் தடவிய உறை எது வந்தாலும் அக்கா நோட்டீஸ் பெட்டியில் போட ஆரம்பித்தார். அடுத்த வாரம் ரெம்பாவிலிருந்து உண்மையான கடிதம் வந்தது. பெண் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம், வாருங்கள் என்று. அது பெட்டியில் நான்கு நாள் கிடந்தது. அக்கா அதைக் கண்டெடுத்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சமைத்து வைத்துக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டுக்காரர்கள் தங்களை அவமானப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா அன்று மத்தியானமே பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் உறையையும் ரெம்பா உறையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மஞ்சள் தடவுனது நீங்க. தள்ளி வச்சது நானு. ரெண்டு பேருமா போயி அவங்ககிட்ட சொல்லிருவோம் தம்பி. நான் தனியா போனா நம்ப மாட்டாங்க. உங்க வாயால சொன்னா நம்புவாங்க.”

கடையில் சரக்கு வந்திருக்கிறது, நகர முடியாது என்றேன். சரக்கு எதுவும் வரவில்லை. அக்கா கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. “சரி தம்பி” என்று சொல்லிவிட்டு, இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு தனியாக ரெம்பாவுக்குப் போனார். அவர் சொன்னது போலவே அவர்கள் நம்பவில்லை. சம்பந்தம் முறிந்தது. கடையின் பெயரையோ என் பெயரையோ அக்கா தோட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாத்தியம்மாளின் வசவு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

பின்னாளில் மின்னஞ்சல் வந்தது, நான் அந்தத் தொழிலுக்குப் போனேன். பயிற்சி வகுப்புகளில் பேசக் கூப்பிட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், திறக்காதவர்களை விட்டுவிடுங்கள், தலைப்பில் பொய் சொல்லாதீர்கள், அப்போதுதான் உங்கள் கடிதம் உள்ளே போகும் என்பேன். கைதட்டுவார்கள். அத்தனையும் ஒரு தோட்டத்துக் கிராணியிடம் கற்றவை, அவர் எழுதி அனுப்பிய தாளை நான் கசக்கி எறிந்தேன் என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒரு முறை தீபாவளிக்கு அக்காவைத் தொலைபேசியில் கூப்பிடுவேன். ரெம்பாவைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

துக்கம் விசாரிக்க மாலதியைக் கூப்பிட்டேன். அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“அம்மா யார் யாருக்குச் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தாங்க அங்கிள். ரெண்டு லிஸ்ட். ஒண்ணுல ‘நோட்டீஸ்’னு போட்டிருந்தாங்க, ஒண்ணுல ‘வீட்டுக் கடிதம்’னு. எனக்கு வித்தியாசம் புரியலலா. எல்லாருக்கும் ஒண்ணாவே அனுப்பிட்டேன்.”

“நான் எதுல இருந்தேன்?”

“வீட்டுக் கடிதத்துல.”

செல்வி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது வீட்டுக் கடித லிஸ்ட்டில் இருந்த அந்த இடம் ஒன்றுதான். அதற்குத் தகுதியாக இன்னும் நான் எதுவும் செய்யவில்லை. செல்வி இப்போது செண்டாயானில் மகன் வீட்டில் இருக்கிறாராம். விலாசத்தை மாலதி கொடுத்தாள். மஞ்சள் தடவியது நான்தான், சிவகாமி அக்கா மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். இந்த அஞ்சலியை நீங்கள் வாசிப்பதற்குள் சொல்லியிருப்பேன். கடிதம் எழுதவில்லை. நேரில் போகிறேன்.