விமானம் போகும் வரை சிலை

பம்மலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதன் மாடியில்தான் நாடக அரங்கம். அரங்கம் என்பது கொஞ்சம் அதிகம்தான். முன்பு பை தைக்கும் பட்டறையாக இருந்த ஒரு ஹால், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலை மறைக்கக் கறுப்புத் துணி. மேடை கிடையாது. நாற்காலி முடியும் இடத்தில் நாடகம் தொடங்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் கழுத்தில் வியர்வை இறங்குவது தெரியும். ஒன்பது வயதில், உலகத்தில் அதைவிடப் பெரிய இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இப்போதும் அந்த எண்ணத்தை முழுசாக விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

ஜெராக்ஸ் கடை அக்காதான் டைரக்டர். சத்தம் போடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு முன்வரிசைக்கு வந்து, "காலை உள்ள இழுத்துக்க பாப்பா, ஆக்டருங்க தடுக்கி வுழுந்துடப் போறாங்க" என்பார்.

அவரால் நிறுத்த முடியாதது விமானத்தை மட்டும்தான். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால், விமானம் கூரையை உரசுவதுபோல் போகும். ஒரு வசனமும் கேட்காது. அதற்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். சத்தம் வந்ததும் நடிகர்கள் அப்படியே சிலையாக நிற்க வேண்டும்; அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தூக்கிய தம்ளர் தூக்கியபடி, ஓங்கிய கை ஓங்கியபடி. பார்க்கிற நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஒருமுறை, அழுதுகொண்டிருந்த ஒருவர் சிலையாக நின்றபோது, கண்ணீர் மட்டும் சட்டத்தை மதிக்காமல் வழிந்தது. அந்தக் காட்சிக்கு, பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் தம்பியின் கையையும் பிடித்துக் கைதட்ட வைத்தேன்.

அங்கே என் சித்தப்பாவும் ஒரு நடிகர். வாரநாட்களில் மறைமலை நகரில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நாலு பேரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. சித்தப்பா காலையில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்புவதை அப்பா பெருமையோடு பார்ப்பார். நாடகம் மட்டும் அவருக்கு ஆகாது. "கூத்தடிக்கிறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு முதல்முறையாகப் பெரிய வேடம்: வேலை போனதை அண்ணனிடம் மறைக்கும் தம்பி. வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் அக்கா எழுதிக் கொடுத்த வசனத்தை நான்தான் கையில் வைத்துச் சரிபார்ப்பேன். ஒரு பக்கம் யாருடைய சாதிச் சான்றிதழோ. மறுபக்கம் சித்தப்பாவின் அழுகை. எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பிப்பார். கடைசிக் காட்சியில் அண்ணனிடம் உண்மையைச் சொல்லும் வரியையும் முதலில் சொன்னவர்தான். பிறகு என்ன ஆனதோ, அந்த இடம் வந்தாலே, "அது தெரியும் குட்டி, அடுத்தத படி" என்று தாண்டிவிடுவார். வரி மறந்துவிட்டது, ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். அவர் மானத்தைக் காப்பாற்ற அதை நெட்டுருப் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். என் நச்சரிப்பு தாங்காமல் அப்பாவும் வந்தார். முன்வரிசையில் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் சித்தப்பா ஒரு நொடி தடுமாறினார். அதன் பிறகு அவர் நடித்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வார்த்தை போதாது. காலிச் சாப்பாட்டு டப்பாவை மூடித் திறந்து மூடியே நாற்பது பேரையும் கட்டிப்போட்டார். அப்பாவின் கட்டிய கை எப்போதோ அவிழ்ந்து மடிக்கு வந்திருந்தது.

கடைசிக் காட்சி. அண்ணனாக நடித்த மருந்துக்கடைக்காரர், "என்னடா ஆச்சு, சொல்லு" என்று தம்பியின் தோளைப் பிடித்தார். சித்தப்பா வாயெடுத்தபோது விமானம் வந்தது. இருவரும் சிலையானார்கள். விமானம் போனது. மருந்துக்கடைக்காரர் கையை இறக்கினார். சித்தப்பா மட்டும் சிலையாகவே நின்றார்.

இவ்வளவு நன்றாக நடித்துவிட்டு, அப்பா வந்த அன்றைக்கா மறந்து தொலைக்க வேண்டும்! எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"வேலை போயி ஒரு மாசம் ஆச்சுண்ணா!"

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மெல்லத் திரும்பினார். மருந்துக்கடைக்காரரை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து அந்த வரியைச் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்ன வசனத்தை அந்த ஹாலில் நான் கேட்டதில்லை. ஆனால் கடைசி நாற்காலி வரை கேட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "நீ இல்லாங்காட்டி இன்னிக்கு பேஜாராப் போயிருக்கும்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழே டீக்கடையில் அப்பா முதல் டீயை வாங்கிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. தன் டீயை வாங்கிக்கொண்டு, "எவ்ளோ நாளாடா?" என்று கேட்டார்.

"வசனத்துல வர்றதுதான்ணா" என்றார் சித்தப்பா, தம்ளரைப் பார்த்தபடி.

அப்பா நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், அதற்குள் வசனத்தை மறந்துவிட்டார் போல. "ஒரு மாசம்ப்பா" என்று அவருக்கும் நானே எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் தோளில் கையைப் போட்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் சித்தப்பா யூனிஃபார்ம் போடவில்லை. நன்றாக நடித்ததற்காகக் கம்பெனியில் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.