கருவாடு என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எனக்குச் சரியாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒற்று எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம்; அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். வரிசையாகச் சொல்ல நினைத்தாலும் பாதி மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பென்னலூர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. முன்பு எங்கள் தெருவைக் காலனி என்பார்கள். கம்பெனிகள் வந்த பிறகு முனையில் போர்டு வைத்து நகர் என்று எழுதினார்கள். அதன்பிறகு வெளியூர் ஆட்களுக்கு எது ஊர், எது காலனி என்று தெரியாமல் போனது. தெரியாததால்தான் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கும் குடித்தனம் வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே பின்பக்கம் ஷீட் போட்டு ஒரு ரூம் கட்டினார். என் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் அந்த ரூம் வாசல் தெரியும். குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது.

முதலில் குடிவந்தது ஒரு குடும்பம். புருஷன் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கென்றே கோழி எடுத்தேன். எங்கள் வீட்டில் மாட்டுக்கறிதான் வழக்கம். அது அவர்களுக்கு ஆகாது என்று எனக்கே தெரியும். குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் அந்த அம்மா தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சிரித்தது. மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனேன். சாக்கடையில் என் கோழித் துண்டுகள் முழுசு முழுசாகக் கிடந்தன. ஒரு கால் துண்டைக் காக்காய் இழுத்துக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் களை எடுக்கப் போன வீடுகளில் தண்ணீரைக் குவித்த கையில்தான் ஊற்றுவார்கள். அது கண்ணெதிரே நடந்தது. யார் எப்படி என்று தெரியும். இது சிரித்துக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. துண்டுகளை ஒரு குச்சியால் தள்ளிவிட்டேன். இனிமேல் பின்பக்கத்துக்கு என் அடுப்பிலிருந்து எதுவும் போகாது என்று மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தக் குடும்பம் போய், யார் யாரோ வந்து போனார்கள். அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். தென்காசிப் பக்கத்து ஊர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை. கூட இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவள் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இவள் மட்டும் தனியாக இருந்தாள். என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள். இங்கே எல்லோரும் ஆயா என்பார்கள். அந்த ஆச்சி என்கிற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் அவள் கையில் கட்டியிருந்த கலர் கயிறு. தெற்குப் பக்கத்தில் பிள்ளைகள் சாதிக்கு ஒரு கலரில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று டிவியில் சொல்லிக் கேட்டிருந்தேன். தெற்கத்தி ஆட்களே அப்படித்தான் என்று எங்கள் தெருவிலும் பேசுவார்கள். அவள் வந்த அன்றைக்கே நான் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தேன். சரி, இதுவும் சாதி பார்க்கிற ஆள்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு அவள் எவ்வளவு நல்லவிதமாக நடந்தாலும், எனக்கு அந்தத் தூக்கைக் கழுவிக்கொடுத்த சிரிப்புதான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுவேன். வாசம் போனால் தெரிந்துவிடும், தெரிந்தால் முகம் மாறும் என்று பயம். பேசுவதென்றால் வாசலோடு சரி.

அவள் அடுப்பு மூட்டியே நான் பார்க்கவில்லை. கேட்டால், "கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன் ஆச்சி" என்பாள். கம்பெனியில் சோறு போடுவார்கள் என்பது தெரிந்ததுதான். நானும் நம்பினேன்.

என் மகள் என்னோடுதான் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவள்தான் ஒருநாள் சொன்னாள். "யம்மா, அந்தப் பொண்ணு கம்பெனி வேன்ல போறதில்ல. யூனிஃபார்ம் போட்டுகினு நடந்து போவுது. நானே பாத்தேன்."

"மெயின் ரோட்ல எவனாச்சும் பைக்க வெச்சிகினு நிப்பான்" என்றேன்.

"நீ போயி பாத்தியா?"

"பாக்கணுமா இன்னா? வயசுப் பொண்ணு தனியா கீது."

சொல்லிவிட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மகளும் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, கான்ட்ராக்ட் முடிந்தது என்று அவளோடு சேர்த்து நிறையப் பேரை நிறுத்திவிட்டார்களாம். ஊருக்குச் சொன்னால் கூப்பிட்டுக் கல்யாணம் கட்டிவைத்துவிடுவார்கள் என்று பயந்து, தினமும் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வேலை தேடிக் கம்பெனி கம்பெனியாகக் கேட்டில் போய் நின்றிருக்கிறாள். சாயங்காலம் திரும்பி வருவாள். ரோட்டோரத் தண்ணீரும் எப்போதாவது ஒரு பன்னும்தான் சாப்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பின்வாசலில் நிழல் தட்டியது. அவள்தான். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகத் தெரிந்தது. ஷிப்டு பார்த்த அலுப்பு என்று நினைத்தேன்.

"மணம் அங்கன வரைக்கும் வருது. என்ன குழம்பு ஆச்சி?"

நான் சட்டியின் மேல் மூடியைப் போட்டேன். "கருவாடு மா."

"கருவாடா" என்றாள். மூடியைப் பார்த்தாள். "எங்க அம்மையும் கருவாட்டுக் குழம்பு நல்லா வைப்பா."

மோப்பம் பிடிக்க வந்திருக்கிறாள், என்ன கறி என்று தெரிந்துகொண்டு நாளைக்கு ரூமைக் காலி பண்ணுவாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பை மறைத்தாற்போல் நின்றேன்.

"வேற ஒண்ணுமில்ல ஆச்சி. சும்மாதான் வந்தேன்" என்று போய்விட்டாள்.

கருவாட்டு வாசத்துக்கும் கறி வாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் உண்டா? பசியோடு நின்றவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கொடுக்க மனமில்லாமல்தான் பொய் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். அதைப் பிறகு நினைத்தேன். அப்போது, தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். தூக்கினால் கனமே இல்லை. ஆட்டோவில் போட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. மஞ்சள் காமாலை முற்றி ஈரலைப் பிடித்துவிட்டது, உடம்பில் ரத்தமும் இல்லை என்றார்கள்.

"சாப்ட்டு எத்தினி நாள் ஆச்சு?" என்று நர்ஸ் என்னைக் கேட்டது. தெரியாது என்றேன். "நீங்க யாரு?" என்று கேட்டது. ஹவுஸ் ஓனர் என்று சொன்னேன். அந்த நர்ஸ் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள்தான், வெயிலில் வேலை செய்து முகம் கறுத்துச் சுருங்கிப்போனவள். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல், மகள் கையில் கட்டியிருக்கும் கயிறு என்ன கயிறு என்று கேட்டேன்.

"அதுவா அக்கா, போன வருசம் காய்ச்சல் கண்டப்ப மந்திரிச்சுக் கட்டுனது. அத்துப்போட மாட்டேங்கா."

அப்புறம் அவளாகவே சொன்னாள். "உங்களப் பத்தி போன்ல சொல்லுவா. வீட்டுக்கார ஆச்சி அதட்டிப் பேச மாட்டாவ, ஆனா வாசலோட நிறுத்திருவாவ, நாம யாருன்னு தெரிஞ்சுபோச்சு போலம்மான்னு சொல்லுவா. நான்தான், தெரிஞ்சா என்ன, வாடகைக்கு விட்டாவல்ல, அதுவே பெருசு, பேசாம இருன்னுட்டேன்."

"யாருன்னா?" என்றேன்.

குரலைத் தாழ்த்தினாள். "ஊர்க் கடைசித் தெரு அக்கா நாங்க."

நானும் அப்படித்தான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்தது என்ன கேட்பாள்? அப்படியென்றால் ஏன் ஒரு வாய் கொடுக்கவில்லை என்றுதானே. அதனால் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தத் தாயின் கையைப் பிடித்தேன். அவள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, இங்கே வேண்டாம், ஊர்ப் பக்கமே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப்போனார்கள். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பாயும் பக்கெட்டும் எடுக்க அந்த அம்மா மட்டும் வீட்டுக்கு வந்தாள். டப்பாக்களைத் திறந்து பார்த்தோம். ஒன்றில் உப்பு இருந்தது. மற்றதெல்லாம் காலி. எங்கள் வீட்டில் ஒரு டீத்தண்ணிகூடக் குடிக்காமல் போனாள். போன் நம்பர் கொடுத்திருந்தாள். இரண்டு தடவை எடுத்தார்கள்; அப்படியேதான் இருக்கிறாள் என்றார்கள். பிறகு அந்த நம்பர் போகவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

நான் அதன்பிறகு அந்த ரூமைப் பூட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதை நிறுத்தினேன். பகலில் ஒருவேளைச் சோற்றையும் விட்டேன். ஜெபத்தில் உட்கார்ந்தால், கர்த்தரே என்று சொல்வதற்கு முன்னால் அந்தச் சட்டி மூடிதான் வந்து நிற்கும். நீ மனுஷியே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாதக்கணக்கில் அப்படி இருந்தேன். ஒருநாள் தலை சுற்றி அதே குழாயடியில் நானும் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிவந்து படுக்கவைத்த மகளுக்குக் கோபம் பொங்கியது.

"ரூம பூட்டி வெச்சிகினு இன்னா பண்ணப்போற, கோயில் கட்டப்போறியா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"உன் கோழிய சாக்கடைல கொட்டனாங்களே, அவங்க ஒரு வேள சோறு துன்னாம இருந்திருப்பாங்களா? நீ மட்டும் ஏன் வயித்த காயப்போட்டு சாவற? நீ பட்டினி கெடந்தா அந்தப் பொண்ணுக்கு ஈரல் நல்லாயிடுமா?"

"உனுக்கு எப்டித் தெரியும் அது?"

"குழாயடில குச்சிய வெச்சிகினு நீ நின்னத ஜன்னல்ல இருந்து நான் பாத்தேன். நீ சொல்லல, நானும் கேக்கல."

இத்தனை வருஷம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண்ணுக்காக மட்டும் இல்லை. குச்சியோடு நின்ற எனக்காகவும். அந்தக் காயம் என்னுடையதுதான். அதைக் கொண்டுபோய் ஒன்றும் அறியாத பிள்ளை மேல் வைத்தேன். வைத்தது தப்பு, பெரிய தப்பு. ஆனால் அந்தக் காயம் மட்டுமே நான் இல்லை. அன்றிரவு சாப்பிட்டேன்.

இப்போது அந்த ரூமில் ஒரிசாப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள். அவர்கள் வந்த அன்றைக்கே, இவங்க வெற்றிலைபாக்கு போட்டுச் சுவரெல்லாம் துப்புவாங்க என்று நினைத்தேன். நினைப்பு அதுபாட்டுக்கு முதலில் வந்துவிடுகிறது. அதற்காக முன்போல் என்னைக் கிள்ளிக்கொள்வதில்லை. வந்துவிட்டாயா, கொஞ்சம் அந்தப் பக்கம் உட்கார் என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். இப்போது மறுபடியும் கறி எடுக்கிறேன்; கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். இது மாட்டுக்கறி, வேண்டுமா வேண்டாமா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று அந்தப் பெண் சைகை காட்டினால், ரசத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தீரவில்லை. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வேன் வராமல் அந்தத் தென்காசிப் பெண் நனைந்து திரும்பி வந்தாளாம். நான் சுடுசோறும் ரசமும் தட்டில் போட்டுக் கொடுத்தேனாம். அவள் எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றாளாம். மகள் அடித்துச் சொல்கிறாள். எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. என்னைத் தேற்றுவதற்காக அவள் கட்டிச் சொல்கிறாளா, இல்லை மூடியைப் போட்டது மட்டும் நிற்கட்டும் என்று என் மனசே மற்றதைத் துடைத்துவிட்டதா, தெரியவில்லை.

ஓசூருக்குப் போன அந்தப் பெண் அப்போது ரூமில் இருந்திருக்கலாம். அவள் இதைப் படித்தாலோ, இல்லை படித்தவர்கள் யாராவது அவளைத் தெரிந்தவர்களாக இருந்தாலோ, கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். மழை நாள் உண்மைதானா, நான் கொடுத்தேனா என்று. தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து அவளே திருத்தினால் இன்னும் நல்லது.