மூக்கில் வைத்த ஈயம்

நான் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் காலத்து ரேஸ் படகுகளைப் பிளைவுட்டில் சின்னதாகச் செய்து, ஏரியில் ரிமோட்டில் ஓட்டுவேன். பூந்தமல்லியில் தச்சு வேலை செய்யும் கபூர் பாய்க்கும் அதே கிறுக்கு.

இந்த வகைப் படகு வேகம் எடுத்தால் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்க வேண்டும். பாயின் படகு பறந்தது. என்னுடையது தண்ணீரை உழுதது. கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் அதன் மூக்கில் ஈயக்கட்டி வைத்திருந்தேன்.

"அண்ணாத்தே, அந்த ஈயத்த எடுத்துக் கடாசு. மூக்கு தூக்குனாத்தான் பறக்கும்" என்றார் பாய்.

"கவுந்துடும் பாய். அதானே உனக்கு வேணும்?"

"கவுந்தா இன்னா? கீழ தண்ணிதான கீது!"

எனக்கு வயிறு எரிந்தது. ஈயத்தை எடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு, ஆவடிப் பக்கத்து ஏரியில் போட்டி. பாயின் படகு வெகுவாக முந்திப் போனது. அது கவிழ வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கடைசிச் சுற்றில் எதிர்க்காற்று அடித்தது. படகு மூக்கைத் தூக்கி, குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது. என் படகு உழுதுகொண்டே வந்து ஜெயித்தது.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உடைந்த படகைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

"பாத்தியா அண்ணாத்தே? இன்னா ஒசரம் எகிறிச்சு!"

கோப்பை என் கையில் இருந்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறுவாரமே ஈயத்தை எடுத்தேன். அதன் பிறகு என் படகும் பறந்தது, பலமுறை கவிழ்ந்தது. அப்படிச் சிரிக்க மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.