பூஞ்சை புகுந்த புழுக்கொட்டகை

இலுப்பூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் அன்புச்செல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில் சிவசாமி பூச்சிமருந்து அடித்தால் போதும், வேலியோரம் போய் மல்லுக்கு நிற்பாள். மருந்து மல்பெரித் தழையில் பட்டால் அதைத் தின்னும் புழு செத்துவிடும் என்ற பயம், நியாயமான பயம்தான். மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு அவரும் அதை விட்டுவிட்டார்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை நாலைந்து புழுக்கள் தழையைத் தொடாமல் கிடந்தன. அவள் கண்டுகொள்ளவில்லை. சனிக்கிழமை காலை அவை சாக்பீஸ் மாதிரி விறைத்து, மேலே வெள்ளை மாவு பூத்திருந்தன. பட்டு வளர்ப்பு ஆலோசகர் பரிமளாவுக்குப் போன் போட்டாள்.

“பூஞ்சைங்க அது. அந்த மாவு பறந்தா கொட்டகையே போயிரும். சொணங்குன புழுவ வெள்ளை பூக்குறதுக்கு முந்தியே பொறுக்கி எரிச்சுருங்க. பக்கத்துல யாராச்சும் பூச்சியக் கொல்ல பூஞ்சைப் பொடி அடிச்சாங்களா?”

“இல்லக்கா. சிவசாமி மாமாவே மருந்த விட்டுட்டாரு” என்றாள், அந்த நேரத்திலும் பெருமையாக.

பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சண்டை மனிதன் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. பூஞ்சை தோலைத் துளைக்கும். தாக்குப்பிடித்த பூச்சியின் வாரிசுகள் பெருகும். அவற்றையும் துளைக்க வல்ல பூஞ்சை அடுத்துப் பெருகும். பட்டுப்புழுவை மட்டும் நாம் அந்தச் சண்டையிலிருந்து தூக்கிவந்து, நூலுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தோம். அது மாப்பிள்ளை போல உட்கார்ந்து தின்கிறது. எதிரி வந்தால் பேசாமல் சாகிறது.

மதியத்துக்குள் புழுத் தட்டுகளில் பாதி காலி. பொறுக்கிய புழுக்களை அவள் கொட்டகைக்கு வெளியே எரித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அங்கிட்டிருந்து சிவசாமி கூப்பிட்டார்.

“ஆத்தா, ஒம் பேச்சக் கேட்டு வெஷ மருந்த விட்டுட்டு, போன வாரம் பூஞ்சைப் பொடிதான் அடிச்சேன். ஆனா எம் புழு சாகலையே! காய்க்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டுக் கொடையுது. இன்னொரு தடவ அடிக்கச் சொன்னாங்க.” கையில் இரண்டு பாக்கெட் வைத்திருந்தார்.

அவள் திட்ட வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. கேட்டது அவள், அவர் பாவம், கேட்டதைச் செய்தார்.

“மாமா, அந்தப் பொடிதான் எம் புழுவக் கொன்னுருச்சு. நாலு நாள்ல மிச்சம் கூடு கட்டிரும். அதுவரைக்கும் அடிக்காதீங்க, ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்.”

சிவசாமிக்கு முகம் செத்துப்போயிற்று. பாக்கெட்டுகளைத் தரையில் வைத்தார். பிறகு திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார்; ஓட்டை விழாத காய் தேடவேண்டியிருந்தது.

“ரெண்டு நாள் பொறுக்குறேன் ஆத்தா” என்றார். “அதுக்கு மேல எனக்கும் வேற வழியில்ல.”

அவள் கொட்டகைக்கு ஓடினாள். மிச்சப் புழுக்கள் அவசரமில்லாமல் தழை தின்றுகொண்டிருந்தன.